பொன்னையா பிடித்த குஸ்திப் படம்

பதுளைக் கடைவீதியில் பொன்னையாவை விட நன்றாகப் படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவரை விட நல்ல கமரா வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இனிமேல் வந்து சண்டை பிடிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவருக்கு அடுத்த கடைக்காரன். வேட்டி, சேலை, கம்பளி விற்கிறவன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் பேசுவதெல்லாம் என் கடைக்குள் கேட்கும். அவர் பேசியதில் முக்கால்வாசி லென்ஸைப் பற்றியது. லென்ஸ் வேண்டாம், ஜம்பர்த் துணி வேண்டும் என்று வந்த பெண்களுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே துணி கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து கடிகாரம் பழுது பார்க்க வந்த மனிதர் அவர். வந்த இடத்தில் பழுது பார்க்கக் கடிகாரம் இல்லை. தோட்டத்து ஜனங்களுக்கு விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்புக் கொட்டே கடிகாரம். துரைமாரின் கடிகாரங்கள் கொழும்புக்குப் போய்விடும். ஆறு மாதம் ஈ ஓட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய மரக் கமரா ஒன்றை வாங்கி வாசலில் பலகை மாட்டினார்.

சொன்னால் நம்ப வேண்டும், அந்தப் பழைய கமரா தங்கமானது. பித்தளை மூடியைக் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மறுபடி மூடினால் ஆள் அப்படியே படத்தில் விழுந்திருப்பார். மூன்று எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடை பிடித்த கங்காணிகள், மாலை போட்ட மாப்பிள்ளைகள், நாற்காலியில் சாய்த்து வைத்த பிணங்கள் என்று எல்லாரையும் எடுத்தார். பிணங்கள் மட்டும் ஒருமுறையும் அவரை ஏமாற்றவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். கேட்லாக் வந்து கெடுத்தது. சென்னையிலிருந்தும் சீமையிலிருந்தும் வரும் கமராக் கேட்லாக்குகளை அவர் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு படிப்பார். ஒருநாள் பலகைச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"தம்பி சிவஞானம், செக்கனை ஆயிரமா வெட்டி அதுல ஒரு பங்குல படம் பிடிக்கிற கமரா வந்திருக்காம். துணித்திரை ஷட்டர். பாயுற குதிரையோட நாலு காலும் அந்தரத்துல நிக்குமாம்."

"பதுளையில பாயுற குதிரை எங்கண்ணே இருக்கு? இருக்கிறதெல்லாம் வண்டி மாடு."

"குதிரை இல்லாட்டி என்ன, தோட்டத்துல குஸ்தி இருக்கில்ல?" என்றார்.

பண்டாரவளை வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் வந்து சேர்ந்தது அந்தப் புதுக் கமரா. 1912ஆம் வருஷக் கார்த்திகை. பெட்டியைத் திறந்தபோது நான் இருந்தேன். அவர் மனைவி மீனாம்பாளும் இருந்தாள். இருட்டறையில் பிளேட் கழுவுவது, வெயிலில் காகிதம் வைத்துப் பிரதி எடுப்பது எல்லாம் அவள் வேலை. அவள் புதுக் கமராவைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கூரை ஒழுகுதுல்ல, ஒரு சொட்டு விழுறப்ப அந்தரத்துல நிக்கிற மாதிரி பிடிச்சுக் குடுங்க. அதுக்குள்ள பாத்திரத்தை எடுத்து வச்சிடுறேன்."

பொன்னையா கேட்லாக்கைப் புரட்டிப் பார்த்தார். பதில் அந்தக் கேட்லாக்கில் இல்லை.

அந்தக் கமராவில் எடுத்த முதல் இருபது படங்களையும் பார்த்தேன். ஒன்று கரி, ஒன்று வெள்ளை, மற்றதெல்லாம் இரண்டுக்கும் நடுவில். 'நல்லா விழுந்திருக்கு' என்று பழைய கமராப் படத்துக்கு ஊரே சொல்லும். புதுக் கமராப் படத்துக்கு அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒரு குஸ்தி, ஒரே ஒரு நல்ல குஸ்தி கிடைத்தால் காட்டிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

கிடைத்தது. பசறை ரோட்டில் ஏழாம் மைல் கட்டைக்கு மேலே ஒரு தோட்டம். பெயரைச் சொன்னால் வம்பு. அங்கே ஆட்கள் குடியிருக்கப் புதிதாகக் கட்டிய லயத்தில், அந்த அறை வரிசையில், கடைசிக் காம்பரா ஒன்று யாருக்கும் கொடுக்காமல் மிச்சமிருந்தது. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் அழகர், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனும் அவன் பெண்சாதி வேலாயியும், ஐந்து பேர் உள்ள இன்னொரு குடும்பமும் ஒரே காம்பராவில் இருந்தார்கள். நடுவே ஒரு சாக்குப் படுதா. வேலாயிக்கு அப்போது ஏழு மாசம். பிள்ளையைச் சாக்குக்கு இந்தப் பக்கமா பெறுவது, அந்தப் பக்கமா பெறுவது என்பதுதான் அவர்களுடைய கவலை. மற்றவன் கணபதி, பெரிய கங்காணியின் மச்சினன். கல்யாணம் ஆகாதவன். அவனுக்குக் காம்பரா எதற்கென்றால், பெரிய கங்காணியின் ஆடுகளைக் கட்டுவதற்கு.

ஒரு நிமிஷம் யோசித்தால் தீர்ந்துபோகிற விவகாரம். துரைக்கு யோசிக்க நேரமில்லை. இரண்டு பேரும் குஸ்திக்காரர்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அந்தத் துரையின் தமிழில் ஏவல் வினைதான் அதிகம். "பொங்கல் மறுநாள் குஸ்தி போடு. ஜெயிக்கிற ஆள் காம்பரா எடு," என்று தீர்ப்பு வழங்கினார். தானே நடுவர் என்றும், நியாயம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள் என்றும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்குக் கடிதம் எழுதினார். படம் எடுக்கப் பொன்னையாவுக்கும் ஆள் வந்தது.

அடுத்த நான்கு நாள் பொன்னையா சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. எதை எடுத்துப் போவது என்பதுதான் யோசனை. அகல லென்ஸ் என்றால் கோதா முழுதும் விழும், ஆனால் ஆள் எறும்பாகத் தெரிவான். நீள லென்ஸ் என்றால் ஆள் பெரிதாக விழுவான், ஆனால் ஒரு புரண்டு புரண்டால் படத்தை விட்டே போய்விடுவான். இரண்டுக்கும் நடுவான இன்னொன்றையும் சேர்த்து மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைக் கொண்டுபோனாலும் ஒண்ணுதாங்க," என்றாள் மீனாம்பாள். "குஸ்தியில ரெண்டு பேரும் இறுகிப்போய் அசையாம நிக்கிற நேரம் ஒண்ணு வரும். மூச்சு வாங்குறதுக்காகவாவது நிப்பாங்க. அப்ப பிடிங்க. பழைய கமராவே போதும்."

"ஒனக்கு ஷட்டரைப் பத்தி என்ன தெரியும்?"

"ஷட்டரைப் பத்தித் தெரியாது. அதுல வர்ற பிளேட்டைக் கழுவுறவ நான்தான்."

கடைசியில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனார். இரண்டு கமரா, மூன்று லென்ஸ், முக்காலி, கறுப்புத் துணி, பிளேட் பெட்டி. சுமக்க இரண்டு ஆள். கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். துணி விற்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

காலை பத்து மணிக்குள் தோட்டமே கோதாவைச் சுற்றி நின்றது. அன்று பெரட்டு இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் நடந்து வந்திருந்தார்கள். துரை பன்னிரண்டுக்குத்தான் வருவார். அவருடைய பிரம்பு நாற்காலி மட்டும் விடியும்போதே பங்களாவிலிருந்து வந்து, சிவப்பு மெத்தையோடு கோதாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

பெரிய கங்காணி பொன்னையாவிடம் வந்தார். "படக்காரரே, ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு படம் எடுங்க. நம்ம பய மேல, அவன் கீழ. நாளைக்கு ஊருக்கு அனுப்பணும்."

அழகர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட்டமே நடக்கலீங்க. அதுக்குள்ள நான் எதுக்குக் கீழ படுக்கணும்?"

இது மானப் பிரச்சினை. படத்தில் கீழே விழுந்தவன் ஆயுசுக்கும் கீழேதான். ஒரு மணி நேரம் பேச்சு நடந்து, கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று சமாதானமானது. முதலில் கணபதி மேலே, அழகர் கீழே. அடுத்து அழகர் மேலே, கணபதி கீழே. பழைய கமராவில் எடுத்தார். கீழே கிடப்பவன் வலியில் துடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் மூன்று எண்ணும்வரை துடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். இருவரும் தங்கள் தங்கள் முறைக்கு நன்றாகவே துடிக்காமல் துடித்தார்கள்.

ஒரே ஒரு குறை. துரையின் நாற்காலி பின்னால் படத்துக்குள் விழுந்தது. "அதைக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா," என்றார் பொன்னையா. ஒருவரும் நகரவில்லை. இருநூறு பேர் நின்றார்கள், துரையின் நாற்காலியைத் தொட இருநூறு பேரிலும் ஒருவருக்கும் கை நீளவில்லை. அது அப்படியே காலியாகப் படத்தில் விழுந்தது.

கடிதம் போன துரைமார் ஒருவரும் வரவில்லை; துரை மட்டும் வந்து நாற்காலியில் உட்கார, பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. நல்ல வெயில். புதுக் கமராவை முக்காலியில் ஏற்றி ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தார் பொன்னையா. இருவரும் பிடித்தார்கள், உருண்டார்கள், எழுந்தார்கள். ஒரு கட்டத்தில் தோளோடு தோள் முட்டி, இறுகிப்போய், மரம் மாதிரி நின்றார்கள். மீனாம்பாள் சொன்ன நேரம் அதுதான். பொன்னையா அப்போது அகல லென்ஸைக் கழற்றி நீள லென்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது மலைக்கு மேலேயிருந்து மூட்டம் இறங்கிவிட்டது. வெளிச்சம் போனதும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்லாக்கில் இருந்தது. குறைத்தார். இன்னும் மங்கியது, இன்னும் குறைத்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கிற கமரா அரைச் செக்கனில் வந்து நின்றது. பழைய கமராவுக்கும் அதற்கும் அப்போது விலையில் மட்டும்தான் வித்தியாசம்.

முக்காலிக்குப் பக்கத்தில்தான் வேலாயி நின்றாள். முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காம்பராவுக்காக ஒரு மனுஷன் இப்படி மண்ணில் புரள வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதனால்தான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. துரை எழுந்து கூடாரத்துக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு மேசை, மேசையில் ஒரு போத்தல். துரை எங்கே போகிறார் என்று யாருமே கவனிக்காத நிமிஷம் அந்தத் தோட்டத்தின் சரித்திரத்திலேயே அது ஒன்றுதான்.

அந்த நிமிஷத்தில் அழகர் கணபதியை இடுப்பில் தூக்கி மல்லாக்கப் போட்டு, இரண்டு தோளும் மண்ணில் படும்படி அமுக்கினான். பொன்னையா ஷட்டரை அமுக்கினார். ஜனம் கூவியது. துரை வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் கணபதி எழுந்துவிட்டான். பெரிய கங்காணி பாய்ந்து போய் மச்சினனின் கையைத் தூக்கிப் பிடித்து, "ஜெயிச்சாச்சுங்க தொரை," என்றார்.

துரை பார்த்தார். எதிரே மண் பூசிய இரண்டு பேர் நின்றார்கள். யார் ஜெயித்தது என்று அவருக்குத் தெரியாது. கேட்கலாம். கேட்டால் நடுவர் நாற்காலியில் இல்லை என்று ஆகிவிடும். இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் துரை கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் தோட்டத்தில் கிடையாது. துரை மூட்டத்தைக் காட்டினார்.

"நான் பாத்தேன். பனி வந்தது. சரியாத் தெரியாது. படம் சொல்லும். மூணு நாள், படம் கொண்டு வா."

மறுநாள் காலையில் பெரிய கங்காணி கடைக்கு வந்துவிட்டார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கம்பளி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்துக் காலையில எடுத்தீங்களே, நம்ம பய மேல இருக்கிற படம், அதையே கொண்டுபோய்க் குடுங்க. தொரைக்கு எது எப்ப எடுத்ததுன்னு தெரியவா போகுது? இந்தப் பக்கத்து ஆறு தோட்டத்துக் கல்யாணமும் என் வாய்ச்சொல்லுலதான் உங்களுக்கு வருது, மறந்துடாதீங்க."

மத்தியானம் வேலாயி வந்தாள். ஏழு கட்டை நடந்து வந்து என் கடை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன்.

"படம் விழுந்திருச்சுங்களா?" என்று பொன்னையாவிடம் கேட்டாள்.

"இன்னும் கழுவலம்மா."

"உள்ளத உள்ளபடி காட்டுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்ப நடந்தாள்.

அன்றைக்கே கழுவினார்கள். புதுக் கமரா பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கோதாவின் கயிறு துல்லியமாக இருந்தது. கூடாரத் துணியின் தையல்கூடத் தெரிந்தது. நடுவில், குஸ்தி நடந்த இடத்தில், பால் சிந்தினது போல ஒரு கலங்கல். யார் அழகர், யார் கணபதி, எது கை, எது கால், ஒன்றும் தெரியவில்லை. பொன்னையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மூட்டம்," என்றார். "ஷட்டர் மேல தப்பில்ல."

மீனாம்பாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளேட்டை ஜன்னலருகே கொண்டுபோனாள். "ஏங்க, நாற்காலி காலியா இருக்கே. தொரை எங்க?"

நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் போய், ஆட்டத்துக்கு முன்னால் பழைய கமராவில் எடுத்த இரண்டு பிளேட்டையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். அவற்றிலும் நாற்காலி காலி.

"அழகர் அமுக்கினப்ப தன் நாற்காலி காலின்னு தொரைக்குத் தெரியும். நேத்துக் காலையில எடுத்த இந்தப் படத்துலயும் அவரு இல்ல. அப்ப இது அந்த நேரத்துல எடுத்ததுதான்னு அவரே நம்பிடுவாரு."

"எதைக் குடுக்கிறது?" என்றார் பொன்னையா. ஆறு தோட்டத்துக் கல்யாணம் அவர் கண்ணில் ஓடியிருக்கும். மனுஷனைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் அந்த ஆறு தோட்டத்தில்தான் சேலை போகிறது.

மீனாம்பாள் கணபதி மேலே இருந்த பிளேட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் வாசற்படிக் கல்லில் போட்டாள். கண்ணாடி நாலு துண்டாயிற்று.

"கை தவறிடுச்சு," என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு பிளேட் விழுந்து நான் பார்த்ததில்லை. "பெரிய கங்காணி கேட்டா என் பேரைச் சொல்லுங்க. கண்ணாடின்னா ஒடையத்தானே செய்யும்."

மூன்றாம் நாள் பங்களாவுக்குப் போனோம். படியில் அழகரும் கணபதியும் பெரிய கங்காணியும் நின்றார்கள். பொன்னையா படத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தை உற்றுப் பார்க்கிற யாரும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேர் மேலும் ஒரு பொட்டு மண் இல்லை. நெற்றியில் விபூதி அழியவில்லை. கீழே கிடந்த கணபதி, துடிப்பது போதுமா என்று கேட்கிற மாதிரி கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் கண் நேரே தன் நாற்காலிக்குப் போயிற்று. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

"இந்தப் படம் யார் பாத்தது?"

"நானும் என் சம்சாரமும் இவரும்தாங்க தொரை."

"கண்ணாடி எங்கே? கொடு."

பிளேட்டையும் வாங்கிக்கொண்டார். இரண்டையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "மேலே இருக்கிற ஆள் அழகர். அவன் ஜெயிச்சான். அன்னைக்கே நான் பாத்தேன். காம்பரா எடு."

"நாங்க ஒரு தடவை படத்தைப் பாக்கலாங்களா தொரை?" என்றார் பெரிய கங்காணி.

"வேண்டாம். போ."

ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த படம் என்று அவர் சொல்லியிருக்கலாம். படத்தைப் பார்க்காமல் எதைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு இறங்கினார். நாலு கல்யாணம் பண்டாரவளைப் படக்காரருக்குப் போயிற்று, எனக்கும் இரண்டு மூட்டைச் சேலை தேங்கியது. பொன்னையா அதையெல்லாம் மறந்து, தன் கமரா குஸ்தித் தகராறு தீர்த்த கதையைக் கடைவீதி முழுக்கச் சொன்னார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றே சொன்னார்.

மூன்று மாதம் கழித்து என்னையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனார். வேலாயிக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. சொந்தக் காம்பராவில், சாக்கு இல்லாமல். அழகர் தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிருந்தான். பொன்னையா ஒரு உறையை மடியிலிருந்து எடுத்தார். அதில் அந்தக் கலங்கின படத்தின் பிரதி.

"நல்ல படம் தொரைகிட்ட மாட்டிக்கிச்சும்மா. அழகரை ஒருநாள் கடைக்கு வரச் சொல்லு, மண்ணு கிண்ணு பூசி நல்லா எடுத்துடலாம். மெய்யா அன்னைக்கு விழுந்தது இதுதான். இதுல ஒண்ணும்..." என்று இழுத்தார். மூட்டம், ஷட்டர், லென்ஸ் என்று வரிசையாக வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வேலாயி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் நின்ன எடத்துல இருந்து எடுத்ததுங்களா?"

"ஆமாம்மா. நீ பக்கத்துலதான் நின்னே."

"அதான் பாத்தேன். அந்த நேரத்துல எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சுங்க. கயிறு தெரிஞ்சிச்சு, கூடாரம் தெரிஞ்சிச்சு, அவுக மட்டும் இப்பிடித்தான் தெரிஞ்சாக." முந்தானையால் படத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "நல்லா விழுந்திருக்குங்கய்யா."